ஒரே கயிற்றில் இரண்டு ஆட்டக்காரர்கள்

எங்கள் விளையாட்டுக் கழகத்தின் இப்போதைய செயலாளர் சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். பயிற்சி முகாம் தொடங்குவதற்குள் கூடைப்பந்து அணியின் கடைசி இடத்தை நிரப்ப வேண்டுமாம். கையிலிருந்த கணினியில் நாலைந்து பையன்களின் ஆட்டத்தைப் போட்டுக் காட்டினார். யார் எவ்வளவு உயரம் குதிக்கிறார்கள், எவ்வளவு வேகமாக ஓடுகிறார்கள் என்பதெல்லாம் திரையின் ஓரத்தில் எண்களாக வந்துகொண்டிருந்தன.

"உங்க காலத்துல எப்படி சார் ஆள் எடுத்தீங்க? நம்ம கழக ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்களேன்" என்றார்.

நாங்கள் வாங்கிய கோப்பைகளைப் பற்றி நான் எழுதுவேன் என்று அவர் நினைத்திருக்கலாம். அவை கழக அறையின் அலமாரியில் இருக்கின்றன, விரும்புகிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம். நான் ஒரே ஒரு இடத்தை நிரப்பிய கதையை மட்டும் எழுதுகிறேன். அதில் நான் கண்டதைப்போல் எதையும் அதற்குப் பிறகு காணவில்லை. அதில் நான் செய்ததையும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நாசரேத்துப் பக்கம் ஆசிரியர் குடும்பம் எங்களுடையது. மிஷன் பள்ளியில் படித்தேன், பி.ஏ. முடித்தேன், சென்னைக்குப் போய் உடற்கல்விப் பயிற்சியும் பெற்றேன். எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடிக்கு வந்தபோது புதுத் துறைமுகத்தில் வேலை மும்முரமாக இருந்தது. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியில் விளையாட்டுப் பிரிவு உதவியாளராகச் சேர்ந்தேன். அந்தக் கம்பெனி பிறகு கைமாறிவிட்டது. கழகம் மட்டும் பிழைத்துக் கிடக்கிறது.

எங்கள் ஆட்டக்காரர்கள் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள். ஆனால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கிடங்கிலோ அலுவலகத்திலோ ஒரு வேலை கொடுப்போம். காலையில் வந்து கையெழுத்துப் போடுவார்கள், மதியத்துக்கு மேல் மைதானத்துக்குப் போவார்கள். மாதம் பிறந்தால் சம்பளம், ஓய்வு பெறும் வரை வேலை. ஆகவே அணியில் ஒரு இடம் என்றால் அது ஒரு குடும்பத்தின் நிரந்தரச் சோறு.

அணியைத் தொடங்கியவர் எங்கள் ஜெனரல் மேனேஜர். பெரியவர் என்றுதான் எல்லாரும் சொல்வோம். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், இளமையில் தாமும் ஆடியவர். குரலை உயர்த்தமாட்டார். ஒரு கேள்வியை ஒரு தடவைதான் கேட்பார். கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எங்கள் முகம் தெரிந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது உள்ளே இருப்பதையெல்லாம் பார்க்கிறார் என்று பயந்தோம். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் ஓர் ஆட்டக்காரனுக்கு இல்லாத வேலையை இருப்பதாகச் சொல்லி அழைத்து வந்திருக்கிறார். விஷயம் தெரிந்ததும் பெரியவர் அவரை அன்றைக்கே அனுப்பிவிட்டார். ஆட்டக்காரனை வைத்துக்கொண்டார். "வாக்குக் கொடுத்தது கம்பெனி. அவர் வாயிலிருந்து வந்தாலும் கம்பெனி வாக்குதான்" என்றாராம்.

அந்த வருஷம் மார்ச் மாதத்தில் முகாம். கோடைப் போட்டிகளுக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும். பதினோரு பேர் சேர்ந்துவிட்டார்கள். சாயர்புரம் கல்லூரியிலிருந்து பந்தை நன்றாகக் கொண்டுபோகக்கூடிய மூன்று பேர் வந்தார்கள். விளாத்திகுளத்திலிருந்து ஒருவன் வந்தான். கம்பு விதைத்த காட்டில் ஓடிப் பழகியவன், சிமெண்ட் தரை கண்டதும் வெறுங்காலோடு ஓடி இரண்டு பாதத்தையும் கொப்புளமாக்கிக்கொண்டான். ஆனால் வளையத்துக்குக் கீழே நின்று பந்தைப் பறிக்க ஒரு நெட்டையன் அமையவில்லை. பன்னிரண்டாவது இடம் அவனுக்கு. இருபத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது கம்பெனி விதி.

ஆள் எடுக்க எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். கிடங்குச் சுவரோரம் ஒரு கிண்ணத்தில் சுண்ணாம்புத் தூள் இருக்கும். வந்தவன் விரலை அதில் தொட்டு, நின்றபடியே கையை நீட்டிச் சுவரில் ஒரு பொட்டு வைக்க வேண்டும். பிறகு குதித்து ஒரு பொட்டு. இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் அவன் கால். அடுத்து மைதானத்தை மூச்சு முட்ட ஓட வைத்து, நின்ற இடத்திலேயே கூடைக்குப் பந்து போடச் சொல்வேன். களைத்த கை எப்படி எறிகிறது என்பதுதான் எனக்கு வேண்டும். கடைசியில் "போதும், போய்த் தண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பேன். சோதனை முடிந்தது என்று நினைத்து அவர்கள் தங்களுக்குள் ஆடுவார்கள். அதைத்தான் உண்மையில் பார்ப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இரண்டு பேர் வந்தார்கள். கடற்கரைக் கத்தோலிக்கர்கள். பங்குப் பள்ளி மைதானத்தில் சாமியார் நட்டுவைத்த வளையத்தில் ஆடிப் பழகியவர்கள். நெட்டையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், பெயர் இன்னாசி. மற்றவர் அவன் அக்காவைக் கட்டியவர், மிக்கேல். வயது முப்பதைத் தாண்டியவர், என் தோளுக்குத்தான் இருந்தார். மார்பு மட்டும் பீப்பாய் மாதிரி அகலம்.

"ரெண்டு பேரும் என்ன வேலை பாக்கீங்க?" என்று கேட்டேன்.

"அத்தான் சங்கு குளிக்காரு சார். நான் அவருக்குக் கயிறு பிடிக்கேன்" என்றான் இன்னாசி.

சங்கு எடுக்கக் கடலில் மூழ்குகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். கயிறு பிடிப்பது படகில் ஏதோ எடுபிடி வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னாசி குதித்து வைத்த பொட்டைப் பார்த்ததுமே பன்னிரண்டாவது ஆள் கிடைத்துவிட்டான் என்று முடிவு செய்துவிட்டேன். மிக்கேலைச் சோதிக்கத் தேவையே இல்லை. இருந்தாலும் சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றவரிடம் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஓட விட்டேன். என் பையன்கள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு இரைக்கிறார்கள், இவர் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்.

"என்ன அண்ணாச்சி, மூச்சே விட மாட்டீயளா?" என்று விளாத்திகுளத்துக்காரன் கேட்டான்.

"இங்கனதான் மேல காத்து நிறையக் கெடக்கே தம்பி. அவசரம் என்ன?" என்றார்.

தண்ணீர் குடித்துவிட்டு அவர்கள் ஆடிய ஆட்டத்தை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. இன்னாசி வளையத்தடியில் எழும்பிப் பந்தைப் பறிப்பான். கால் தரையைத் தொடுவதற்குள் பந்து அவன் கையில் இருக்காது. யாருமே இல்லாத ஒரு மூலைக்கு, திரும்பிக்கூடப் பார்க்காமல் எறிந்திருப்பான். தப்பாக எறிந்துவிட்டான் என்று நாம் நினைக்கும்போது மிக்கேல் அங்கே இருப்பார். ஒருவரையொருவர் கூப்பிடுவதில்லை. கை காட்டுவதில்லை. மிக்கேல் திரும்புவதற்கு முன்பே பந்து புறப்பட்டுவிடும். என் பதினோரு பேரும் ஆட்டத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள். நானும் ஊதலைக் கையில் வைத்துக்கொண்டு ஊத மறந்து நின்றேன்.

முடிந்ததும் இன்னாசியைத் தனியாகக் கூப்பிட்டு அவனுக்கு வேலை இருக்கிறது என்றேன்.

"அத்தானுக்கு?"

"அவருக்கு வயசு கூடிப்போச்சு தம்பி."

"அப்பம் எனக்கும் வேண்டாம் சார். நாங்க ஒரே கயிறு."

நான் சிரித்தேன். எங்கள் ஊரில் மச்சினன்மார் கள்ளும் சண்டையுமாகச் சேர்ந்து திரிவதைப் பார்த்தவன் நான். அவர்கள் பாஷையில் அதற்கு இப்படி ஒரு பேச்சு போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். ஒரு நெட்டையனை இழக்க எனக்கு மனமில்லை. முகாமுக்கு நாட்கள் குறைவு. பெரியவர் அந்த மாதம்தான் என்னை வேலையில் நிரந்தரம் செய்வதாக இருந்தார்.

"கவலைப்படாத. இன்னும் ஒரு இடம் வருது. முகாம் ஆரம்பிச்சதும் உங்க அத்தானையும் எடுத்துருவோம். அதுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

அப்படி ஓர் இடம் இல்லை. வரப்போவதும் இல்லை. எனக்கு அது தெரியும்.

இன்னாசி முகாமில் சேர்ந்தான். காலையில் உப்பளக் கரை ஓரமாக ஓட்டம், பிறகு பால், முட்டை, வேர்க்கடலை, வெயில் தாழ்ந்ததும் ஆட்டம். கம்பெனி கொடுத்த கான்வாஸ் காலணியை இரவில் துணியில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொள்வான். ஒவ்வொரு நாள் ஓட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து ஒரே கேள்வியைக் கேட்பான்: "அத்தானுக்குச் சொல்லி அனுப்பட்டுமா சார்?" நாளைக்குப் பார்ப்போம் என்பேன். சங்கு குளிக்கும் பருவம் அப்போது நடந்துகொண்டிருந்தது. கடல் கண்ணாடிபோல் கிடக்கும் நாட்கள் அவை. அந்த நாட்களில் மிக்கேல் கடலுக்குப் போகாமல், என் அழைப்பை எதிர்பார்த்துக் கரையில் உட்கார்ந்திருந்தார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது வாரத்தில் ஒரு காலை இன்னாசி ஓட்டத்துக்கு வரவில்லை. வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்றும், வேறொருவனைக் கயிறு பிடிக்கச் சொல்லி மிக்கேல் நாளைக்குக் கடலுக்குப் போகிறார் என்றும் யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள். கேட்டதும் புறப்பட்டுப் போய்விட்டான்.

கோபத்தோடு கம்பெனி ஜீப்பை எடுத்துக்கொண்டு மறுநாள் விடிந்ததும் கடற்கரைக்குப் போனேன். வள்ளங்கள் புறப்படத் தயாராக இருந்தன. இன்னாசி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"ஏறுங்க சார். பேசிக்கிட்டே போவோம். காத்து திரும்பிரும்" என்றார் மிக்கேல்.

கால்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு ஏறினேன். கரை மறைவதற்குள் எனக்கு வாந்தி வந்துவிட்டது. "வாத்தியார் மீனுக்கு இரை போடுதாவ" என்று பக்கத்து வள்ளத்துக்காரன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். திட்ட வந்தவன் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சங்கு கிடக்கும் கடலடிப் பாறைத்திட்டை அவர்கள் பார் என்பார்கள்; அது வந்ததும் வள்ளத்தை நிறுத்தினார்கள். தண்ணீர் பச்சையாக, அடிவரை வெளிச்சமாக இருந்தது. மிக்கேல் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். இடுப்பில் ஒரு கயிறு, தோளில் வலைப்பை. இன்னொரு கயிற்றில் கட்டிய கல்லின்மேல் பாதத்தை வைத்து நின்றார். மார்பு விரிந்தது. அவ்வளவு காற்று ஒரு மனிதனுக்குள் போவதை நான் பார்த்ததில்லை. தலையசைத்தார். கல்லோடு கீழே போய்விட்டார். மேலே ஒரு குமிழிகூட வரவில்லை.

கல்லை உடனே மேலே இழுத்துவிட்டார்கள். இடுப்புக் கயிறு மட்டும் இன்னாசியின் இரண்டு விரல்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. அவன் தண்ணீரைப் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தான்.

"ஏன் இப்படிச் சொல்லாமக் கொள்ளாம வந்த?" என்று ஆரம்பித்தேன். அவன் வள்ளத்திலேயே இல்லை என்பது மெதுவாகத்தான் எனக்கு உறைத்தது.

சற்று நேரம் கழித்து அவனாகவே முணுமுணுத்தான். "மணல விட்டுட்டாரு. பார் ஓரமா நடக்காரு... ஒண்ணு எடுத்தாச்சு... இன்னொண்ணப் பாத்துட்டாரு. போதும் அத்தான். வாங்க. ஆசைப்படாதீய."

"இழுக்கச் சொல்லி அவர் கயித்த அசைப்பாருல்ல?" என்றேன்.

"அசைப்பாரு. அதுக்கு முன்னயே இழுத்திரணும். மூச்சு முடிஞ்சுட்டா அசைக்கணும்னே தோணாது சார். அங்கனயே சொகமாத் தூங்கிருவாவ." சொல்லும்போதே அவன் கை இழுக்கத் தொடங்கிவிட்டது. நீண்ட கைகள் மாறி மாறி இழுத்தன. பாதி வழியில்தான் கீழேயிருந்து கயிறு ஒரு தடவை அசைந்தது. வளையத்தடியில் அவன் பார்க்காமல் எறிந்த பந்தெல்லாம் அப்போது என் கண்முன்னால் வந்தது.

மிக்கேல் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துத் தொங்கியபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். "பொண்டாட்டியோட கூடப்பெறந்தவந்தான் சார் கயிறு பிடிக்கணும். எங்க வழக்கம் அது. அக்கா தாலியறுக்கத் தம்பி விடுவானா?" மூச்சு வாங்கியபின் மெதுவாகச் சொன்னார்: "நீங்க இவனக் கூட்டிட்டுப் போங்க. சம்பள வேலை. நான் வேற ஆள் பாத்துக்கிடுதேன். எனக்கு எப்பம் கூப்புடுதீயளோ அப்பம் வாரேன்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். உங்களைக் கூப்பிடப்போவதில்லை, அது பொய் என்று. ஆனால் நான் சொல்லவில்லை.

"வேற யாரு அத்தான்? இந்தா, சாரப் பிடிக்கச் சொல்லுவமா?" என்றான் இன்னாசி கோபமாக.

வள்ளத்தில் எல்லாரும் சிரித்தார்கள். மிக்கேல் சிரிக்கவில்லை. "பிடிக்கட்டுமே. ஒரு முங்கு."

வேண்டாம் என்று கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். கயிறு ஏற்கனவே என் விரல்களில் இருந்தது. இன்னாசி எனக்குப் பின்னால் நின்றான். மிக்கேல் போய்விட்டார்.

முதலில் வெறும் ஈரக் கயிறுதான். பிறகு அதில் ஒரு கனம் வந்தது. அந்தக் கனத்துக்குள்ளே ஏதோ நடந்தது. ஒரு மனிதன் கடலின் அடியில் ஓர் அடி எடுத்து வைக்கிறான். அது என் விரலில் தெரிகிறது. நிற்கிறான், அதுவும் தெரிகிறது. குனிகிறான். நான் சிறுவயது முதல் வேதக் கோயிலுக்குப் போகிறவன். முழந்தாளிட்டு எத்தனையோ முறை கண்ணை மூடியிருக்கிறேன். இன்னோர் உயிர் என் கையில் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. காது அடைத்துக்கொண்டது. பயம் தாங்காமல் இழுக்க ஆரம்பித்தேன்.

"இருங்க சார், இருங்க. இப்பந்தான போனாரு" என்று இன்னாசி சொல்வது எங்கேயோ கேட்டது. நான் நிறுத்தவில்லை.

மேலே வந்த மிக்கேலின் பையில் ஒன்றுமில்லை. "தூண்டில்ல மாட்டுன மீன இழுக்க மாதிரில்ல இழுத்துட்டாவ!" என்று அவருக்குச் சிரித்து மாளவில்லை. பிறகு என் கையைப் பார்த்தார். அது இன்னும் கயிற்றை விடவில்லை. "சாருக்கு எம்மேல பயம் இருக்குலே. கயித்துக்கு அது போதும்" என்று இன்னாசியிடம் சொன்னார்.

நான் தனியாகத் திரும்பினேன். மறுநாள் பெரியவர் கூப்பிட்டார். முகாமிலிருந்து ஒருவன் போனது அவருக்குத் தெரிந்திருந்தது. பருவம் முடியும் வரை அக்காள் புருஷனுக்குக் கயிறு பிடிக்கப் போயிருக்கிறான் என்று சொன்னேன். அவர் சன்னல் பக்கம் திரும்பி யோசித்தார்.

"சீசன்னா இன்னும் கொஞ்ச நாள்தானே. நாம அவங்களுக்கு ஏதாவது வாக்குக் கொடுத்திருக்கோமா? கொடுத்திருந்தா சொல்லுங்க. அவன் இடத்தை வச்சிருந்து அப்புறம் சேர்த்துக்கலாம். அந்த இன்னொருத்தருக்கும் கிடங்குல ஏதாவது பார்க்கலாம்."

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் என் நினைவுக்கு வந்தார். நிரந்தர உத்தரவு இன்னும் கைக்கு வரவில்லை.

"இல்லை சார்" என்றேன்.

"அப்போ விட்டுட்டுப் போனது அவன்தான்" என்று கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அன்று மாலையே நாகர்கோவிலில் இருந்த வேறொரு நெட்டையனுக்குச் சொல்லி அனுப்பினேன். நல்ல பையன். அந்தக் கோடையில் இரண்டு கோப்பைகள் வாங்கினோம். நான் விளையாட்டு அதிகாரி ஆனேன். பின்னால் மற்ற கம்பெனிக்காரர்கள் இன்னாசியைப் பற்றி என்னிடம் விசாரித்தபோது, முகாமை விட்டுப் போனவன் என்று அதே சொல்லைத்தான் சொன்னேன். மாற்றிச் சொன்னால் பெரியவர் காதுக்குப் போகும். அவனுக்கு எங்கும் வேலை கிடைக்கவில்லை. மிக்கேலுக்குத் தலை நரைக்கும் வரை அவன் கயிறு பிடித்தான் என்றும், ஒரு நாளும் ஒன்றும் ஆகவில்லை என்றும் கேள்விப்பட்டேன். அதற்கு நான் நன்றி சொல்லாத நாளில்லை.

பெரியவரிடம் நான் அப்படிச் சொன்ன அதே வாரம் இன்னாசி அலுவலகத்துக்கு வந்தான். காலணியைக் கழுவிக் காயவைத்து, முகாமில் கொடுத்த சட்டையை மடித்து, திருப்பிக் கொடுக்கக் கொண்டுவந்திருந்தான். இடம் நிரம்பிவிட்டதை வாசலிலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவன் கேட்கப்போகும் கேள்விக்கு நான் பதில் தயாராக வைத்திருந்தேன். அவன் கேட்கவில்லை.

"அத்தான் ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னுட்டாரு சார். 'அவுக கயிறு பிடிச்சிருக்காவ, இனி நம்ம வீட்டாளு. வீட்டாள்கிட்டப் போயி வேலை கேட்டு நிக்காதலே, அவுகளால முடிஞ்சா செய்ய மாட்டாவளா'ன்னு சொன்னாரு."

பிறகு ஒரு தூக்குப் பாத்திரத்தை மேசைமேல் வைத்தான்.

"அக்கா குடுத்துவிட்டா. சங்குச் சதை வறுத்தது. அண்ணனுக்குன்னு சொன்னா."

"எந்த அண்ணனுக்கு?"

"உங்களுக்குத்தான் சார்" என்று சிரித்தான். "கயிறு பிடிச்சா அவளுக்கு அண்ணன்தான? தின்னுட்டுப் பாத்திரத்தக் குடுங்க. இல்லன்னா என்னையத் திட்டுவா."

பெரியவரின் அறைக்குப் போகும் மாடிப்படி என் மேசைக்கு எதிரில் இருந்தது. அவர் மேலேதான் இருந்தார். நான் பாத்திரத்தின் மூடியைத் திறந்தேன். இன்னாசி பார்த்துக்கொண்டு நிற்க, ஒரு துண்டு விடாமல் தின்று முடித்தேன். மிளகும் உப்பும் சரியாக இருந்தன. நன்றாக இருந்தது என்று அக்காவிடம் சொல்லச் சொன்னேன். அந்த வருஷம் நான் அவனிடம் சொன்னவற்றில் பொய் கலக்காதது அது ஒன்றுதான்.